முற்றத்துக் கொன்றையின் வேரடி

வன்னிக் காட்டோரங்களில் நிற்கும் கொன்றை மரங்களுக்கு எவரும் தண்ணீர் வார்ப்பதில்லை, எருவும் இடுவதில்லை. மாசியில் இலை உதிர்த்து, பங்குனியில் வெறுங்கொம்பாய் நின்று, சித்திரை பிறந்ததும் ஏ-9 வீதியின் மருங்குகளில் மஞ்சள் சரங்களைத் தொங்கவிடும் அந்த மரங்கள், வற்றாப்பளைப் பொங்கலுக்குச் சனங்கள் போகும் வைகாசி நாட்களிலும் பூத்துக்கொண்டிருக்கும். ஆனால் அதே இனத்து மரம், கிணற்றடிக்குப் பக்கத்தில், நாள்தோறும் தண்ணீர் பெற்றுக்கொண்டு வீட்டு முற்றத்தில் நிற்கும்போது நுனியிலிருந்து காய்ந்து வருவதை இப்போது பல வளவுகளில் காண்கிறேன். காட்டில் தானாகச் செழிக்கும் மரம் கவனிப்பாரின் கண்முன்னே ஏன் நலிகிறது என்று விளங்கிக்கொள்ள முயன்றதுதான் எங்கள் வளவுக் கொன்றையை மீட்க உதவியது.

எங்கள் வளவு இரணைமடுக் குளத்திலிருந்து அதிக தூரத்தில் இல்லை. கொன்றையை நட்டவர் அம்மம்மா. சிவனுக்கு உகந்த பூ என்பது ஒரு காரணம். வீட்டின் மேற்குப் பக்கத்துக்கு நிழல் வேண்டும் என்பது இன்னொரு காரணம். 2008இன் பிற்பகுதியில் போரால் நாங்கள் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்தபோது அது பூத்துக் காய்க்கும் வயதை அடைந்திருந்தது. மீள்குடியேற்றத்தில் திரும்பி வந்தபோது வீடு இருக்கவில்லை, கொன்றை நின்றது. அடிமரத்தில் துப்பாக்கிச் சன்னம் பாய்ந்த இடங்களைச் சுற்றி மரம் தானே புதுத் திசுவை வளர்த்து, காயங்களைப் பாதிக்குமேல் மூடியிருந்தது. அவ்வளவையும் தாங்கிய மரம், புது வீடு எழுந்து முற்றமும் பாதையும் ஒழுங்கான பின்னரே நலியத் தொடங்கியது.

நலிவு மெதுவாக வந்ததால் அதை முதலில் எவரும் நலிவு என்று நினைக்கவில்லை. கொன்றை ஆண்டுதோறும் இலையுதிர்க்கும் மரம். பங்குனியில் அது வெறுமையாக நிற்பதைப் பார்த்து, பட்டுவிட்டது என்று முடிவு செய்யக் கூடாது. பார்க்க வேண்டிய காலம் மாரி. கார்த்திகையிலும் மார்கழியிலும், நிலம் முழுவதும் ஈரமாக இருக்கும்போது, கொன்றையின் தலை அடர்ந்து கரும்பச்சையாக இருக்க வேண்டும். எங்கள் மரத்தில் அந்த மாதங்களிலும் இலைகளுக்கு ஊடாக வானம் தெரிந்தது. இலைகள் சிறுத்திருந்தன; உச்சிக் கொம்புகள் தளிர்க்கவே இல்லை; அதற்கு மாறாகப் பெருங்கிளைகளின் அடியில் மெல்லிய கொழுந்துகள் கூட்டமாக வெடித்திருந்தன. உச்சிக்கு நீரை அனுப்ப முடியாத மரம் தன் எல்லையைக் கீழே இறக்கிக்கொள்ளும்போது இப்படித்தான் தெரியும்.

எது செத்தது, எது உயிரோடு இருக்கிறது என்பதை அறிய நகம் போதும். சுண்டுவிரல் பருமனான கொம்பில் மேற்பட்டையைச் சற்றே சுரண்டினால், உள்ளே பச்சையும் ஈரமும் தெரிந்தால் கொம்பு உயிரோடு இருக்கிறது. கபில நிறமாக உலர்ந்திருந்தால், அந்த இடத்திலிருந்து அடிமரத்தை நோக்கிச் சுரண்டிக்கொண்டே வர, உயிர் தொடங்கும் இடம் தெரியும். எங்கள் மரத்தில் உச்சியில் மூன்றிலொரு பங்கு போயிருந்தது. கீழே எல்லாக் கிளைகளிலும் பச்சை இருந்தது.

பக்கத்து வளவில் இருக்கும் பெரியவர், வாழ்நாள் முழுவதும் காலபோகமும் சிறுபோகமும் நெல் விதைத்தவர், வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளை, உது பட்டுப்போச்சு. வெட்டிப்போட்டு நல்ல மாங்கண்டு ஒண்டை வை. மனசு கேக்காட்டி ரெண்டு சிரங்கை யூரியாவைப் போட்டுப் பார்."

"ஒருக்கால் வேரைப் பாத்திட்டுச் செய்வம் ஐயா," என்றேன்.

அவருடைய அனுபவத்தில் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனாலும் நெற்பயிருக்குப் பொருந்துகிற மருந்து, வேர் நலிந்த மரத்துக்குப் பொருந்தாது. யூரியா இலையையும் தண்டையும் வளரச் சொல்கிறது. அந்த வளர்ச்சிக்கு வேண்டிய நீரைக் கொடுக்க வேர் இல்லாதபோது, மரம் தன்னிடம் மிச்சமாக இருக்கும் மாப்பொருளைச் செலவழித்துத் தளிர்க்கும், அடுத்த கோடையில் அந்தத் தளிர் முழுவதும் கருகும். அளவு மீறினால் மண்ணீரில் உப்புச் செறிவு கூடி, இருக்கும் நுண்வேர்களும் எரியும். அவரையினத்து மரம் என்பதால் கொன்றை தனக்கு வேண்டிய நைதரசனைத் தானே தேடிக்கொள்ளும் என்று சொல்பவர்களும் உள்ளனர். அதுவும் சரியன்று, அகத்தியிலும் கிளிசரிடியாவிலும் உள்ள வேர்முடிச்சுகள் கொன்றையில் உண்டாவதில்லை. காட்டில் அதற்குச் சோறு போடுவது அதன் காலடியில் விழுந்து உக்கும் சருகுதான்.

நலியும் மரத்தைப் பார்க்கப் போகிறவர் அண்ணாந்து பார்ப்பதற்கு முன் குனிந்து பார்க்க வேண்டும். நல்ல நிலையில் உள்ள எந்த மரமும் மண்ணைத் தொடும் இடத்தில் அகன்று, பெருவேர்களாகப் பிரிந்து நிலத்துக்குள் இறங்கும். அந்த விரிவு வெளியே தெரிய வேண்டும். எங்கள் கொன்றையோ கம்பம் நட்டதுபோல நேராக நிலத்துக்குள் இறங்கியிருந்தது. காரணம் கிரவல் என்னும் சரளை மண். 2018 டிசெம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களை வெள்ளம் மூடி, இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்ட பிறகு, தண்ணீர் ஏறிய வளவுகளை உயர்த்துவதற்குக் கிரவல் பறிப்பது இந்தப் பக்கத்தில் பொதுவான வேலையாயிற்று. எங்கள் முற்றத்திலும் உழவு இயந்திரப் பெட்டியில் வந்து இறங்கிய கிரவல், அடிமரம் வரையும் இழுத்துப் பரப்பப்பட்டு, மேலே வாகனங்கள் ஏறி இறங்கி இறுகியிருந்தது. வீட்டுக்கு அது நன்மை செய்தது. மரத்துக்கு அது மூச்சடைப்பு.

மரத்தின் வேர் ஆழத்தில் இருக்கிறது என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக ஊறியிருப்பதால்தான் மேலே ஓர் அடி கிரவல் போடுவது எந்தத் தீங்கும் செய்யாது என்று தோன்றுகிறது. உண்மையில் நீரையும் சத்தையும் உறிஞ்சும் நுண்வேர்களில் மிகப் பெரும்பகுதி மேல்மண்ணின் முதல் 30 சென்ரிமீற்றருக்குள்ளேயே உள்ளது. அது கிளைகளின் விளிம்பையும் கடந்து வெகுதூரம் பரந்திருக்கும். வேரும் மூச்சு விடுகிறது. மண் துகள்களுக்கு இடையிலுள்ள வெளிகளில் ஒட்சிசன் இருந்தால்தான் அதனால் நீரை ஏற்ற முடியும். இறுகிய கிரவல் அந்த வெளிகளை அடைத்து, மழைநீரையும் உள்ளே விடாமல் மேலாகவே ஓடவைக்கிறது. மண்ணுக்குள் புதைந்த அடிமரத்தின் பட்டையோ, காற்றில் உலர்ந்திருக்க வேண்டிய பட்டை, எந்நேரமும் ஈரத்தில் இருந்து அழுகத் தொடங்குகிறது. மரத்திடம் சேமிப்பு இருப்பதால் உடனே ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து உச்சி காயும்போது, கிரவல் பறித்த நாளை எவரும் அதனோடு சேர்த்து நினைப்பதில்லை.

மேற்குப் பக்கத்தில் இன்னொரு காரணமும் இருந்தது. அந்தப் பக்கக் கிளைகளில் இளந்தளிர்கள் வெளிர்மஞ்சளாகவும், நரம்புகள் மட்டும் பச்சையாகவும் இருந்தன. நைதரசன் குறைந்தால் முதிர்ந்த இலைகளே முதலில் மஞ்சளாகும்; இளந்தளிர் நரம்பு தெரிய மஞ்சளாவது இரும்புச்சத்து கிடைக்காததன் அடையாளம். எங்கள் செம்மண்ணில் இரும்புக்குப் பஞ்சமில்லை. ஆனால் மண்ணில் சுண்ணாம்பு மிகுந்து காரத்தன்மை ஏறினால், இருக்கிற இரும்பையே வேரால் எடுக்க முடியாது. வீடு கட்டியபோது மேசன்மார் சீமெந்துக் கலவை குழைத்ததும் வாளிகள் கழுவியதும் அந்த நிழலில்தான். அங்கிருந்து ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து வினாகிரி ஊற்றியதும் அது நுரைத்தது. வேலியோர மண் நுரைக்கவில்லை. கேத்தலின் அடியில் வெள்ளைப் படை விழுத்தும் எங்கள் கிணற்றுத் தண்ணீரும் அந்தச் சுண்ணாம்போடு தன் பங்கைச் சேர்த்துக்கொண்டிருந்தது.

மண்ணைத் திறப்பதற்கு ஐப்பசியைத் தேர்ந்தோம். கோடையில் எங்கள் மண் அலவாங்குக்கும் இலகுவில் விட்டுக்கொடுக்காது. அப்போது வேரைக் கிளறினால் அறுபட்ட நுனிகள் உலர்ந்துபோகும். முதல் மழைகள் இறங்கி மண் இளகியதும், அடிமரத்தைச் சுற்றியிருந்த கிரவலை மண்வெட்டியால் கவனமாகக் களைந்து, பட்டையை நெருங்கியதும் மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையாலும் ஒரு மரக்குச்சியாலும் தோண்டினோம். இந்த இடத்தில் அவசரப்படுவது மரத்தின் கழுத்தில் காயம் போடுவதாகும். ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான ஆழத்தில் பெருவேர்கள் பிரியும் இடம் வெளிப்பட்டது. கிரவலுக்குள் மூச்சுத் தேடி அடிமரத்திலிருந்து புதிதாக முளைத்த மெல்லிய வேர்கள் சில, தண்டைச் சுற்றி வளைந்து இறுக்கத் தொடங்கியிருந்தன. அவற்றைக் கத்தரியால் நீக்கினோம். பெருவிரலை விடப் பருத்த வேர் எதையும் தொடவில்லை. திறந்த குழிக்குள் மாரித் தண்ணீர் தேங்கினால் செய்த வேலை முழுவதும் வீண் என்பதால், தாழ்வான பக்கமாக ஓர் ஓடை வெட்டி வடியவிட்டோம்.

அதன் பிறகு இறுகிய நிலத்தைத் திறக்க வேண்டியிருந்தது. முழுவதையும் கொத்திப் புரட்டுவது கூடாது. மிஞ்சியிருக்கும் நுண்வேர்களும் போய்விடும். அலவாங்கால் அங்குமிங்கும் துளை போட்டு எரு நிரப்புவது ஊரில் பலர் செய்வது. இறுகிய களியில் அந்தத் துளைகள் தனித்தனிக் கிணறுகளாகவே நின்றுவிடுவதால் எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. நாங்கள் செய்தது, பெருவேர்களுக்கு இடைப்பட்ட வெளிகளில், அடிமரத்திலிருந்து ஒரு மீற்றருக்கு அப்பால் தொடங்கிக் கிளை விளிம்பு வரை, வெளிநோக்கி ஓடும் ஒடுங்கிய அகழிகளை ஒரு சாண் ஆழத்துக்குச் சற்று மேலாக வெட்டியதுதான். எடுத்த மண்ணில் கிரவலையும் சீமெந்துக் கட்டிகளையும் பொறுக்கி விலக்கி, மீதியோடு நன்கு உக்கிய கூட்டெருவும் கொஞ்சம் உமியும் கலந்து திரும்ப நிரப்பினோம். வேர் புது வழியைக் கண்டால் அந்த இளகிய மண்ணின் வழியே வெளியே போகும். கலவை குழைத்த இடத்து மண்ணை முற்றாக அள்ளி வெளியேற்றினோம். சுண்ணாம்பு ஏறிய மண்ணுக்குள் இரும்புச் சல்பேற்றைப் போடுவதால் பயன் குறைவு, போட்ட இரும்பும் விரைவில் அதே பூட்டுக்குள் போய்விடும்.

இனி நான் சொல்லப்போவது பலருக்குப் பிடிக்காது என்று தெரியும். முற்றம் கூட்டுவது எங்கள் வாழ்க்கையின் ஒழுங்கு. விடியற்காலையில் விளக்குமாற்றின் கோடுகள் விழுந்த முற்றம்தான் அந்த வீட்டில் ஆட்கள் உயிர்ப்போடு இருக்கிறார்கள் என்பதற்கு அடையாளம். ஆண்டுகளாகக் கூட்டப்படாத முற்றங்களைத் திரும்பி வந்து கண்டவர்களுக்கு அந்த அடையாளம் இன்னும் பெரியது. அம்மா இன்றைக்கும் நிலம் வெளுக்குமுன் கூட்டிவிடுவார். ஆனால் கொன்றையின் கீழே விழுகிற சருகை நாள்தோறும் கூட்டி மூலையில் எரிக்கும்போது, மரம் அந்த ஆண்டு முழுவதும் மண்ணிலிருந்து எடுத்ததை நாம் புகையாக அனுப்பிவிடுகிறோம். வெறுமையான மண்ணை வெயில் சுடுகிறது. மழைத்துளி நேராக அடித்து மேற்பரப்பை இறுக்குகிறது. மண்புழுவும் கறையானும் வேலை செய்ய எதுவும் இல்லை. காட்டுக் கொன்றைக்கும் முற்றத்துக் கொன்றைக்கும் உள்ள மிகப் பெரிய வேறுபாடு இந்தக் கூட்டல்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அம்மாவின் மறுப்பிலும் நியாயம் இருந்தது. சருகு கிடந்தால் புடையன் வந்து படுக்கும், கொடுக்கான் சேரும். பேரப்பிள்ளைகள் விளையாடும் இடம். ஆகவே ஓர் எல்லை வகுத்தோம். கிளை விளிம்பின் அளவுக்குத் தென்னம் பொச்சுகளைக் கவிழ்த்து வட்டமாக அடுக்கி, வட்டத்துக்குள் மட்டும் சருகை விட்டு, வட்டத்துக்கு வெளியே வழமைபோலக் கூட்டுகிறோம். பிள்ளைகள் வட்டத்துக்குள் போவதில்லை. சருகுப் படை நான்கு விரற்கடைக்கு மேல் உயரக் கூடாது. தடித்தால் அதுவும் காற்றை அடைக்கும். அடிமரத்தைச் சுற்றி ஒரு சாண் இடம் வெறுமையாகவே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிரவல் செய்ததையே சருகும் செய்யும். பூவரசம் குழையும் கிளிசரிடியாக் குழையும் வெட்டும்போது அவற்றையும் இதன் மேல் பரப்புகிறோம். புகையிலைத் தோட்டத்தில் செய்வதுபோல் குழையை மண்ணுக்குள் தாழ்ப்பது நலிந்த மரத்துக்கு வேண்டாம். பச்சைக் குழை உள்ளே அழுகும்போது வேருக்கு வேண்டிய காற்றை அது எடுத்துக்கொள்ளும். மேலே கிடந்து மெதுவாக உக்கட்டும்.

தண்ணீர் விடயத்தில் அளவை விட இடமும் இடைவெளியும் முக்கியமானவை. நாள்தோறும் அடிமரத்தில் ஊற்றும் ஒரு வாளித் தண்ணீர் மேல் இரண்டு அங்குலத்தை நனைத்து, மாலைக்குள் காய்ந்து, வேர்களை மேலேயே நிற்கப் பழக்குகிறது. இப்போது கிளை விளிம்பின் கீழே, அகழிகளின் மேலாக, மெதுவாக நெடுநேரம் தண்ணீர் விட்டு, பிறகு மண் உலரும் வரை விட்டுவிடுகிறோம். நனைந்த ஆழத்தை அறிய ஒரு நீண்ட இரும்புக் கம்பி போதும். ஈரமான மண்ணுக்குள் அது இலகுவாக இறங்கி, உலர்ந்த இடத்தில் நின்றுவிடும். கம்பி முழங்கை அளவுக்கு இறங்கினால் போதுமானது. வைகாசி முதல் புரட்டாதி வரை சோளகம் வீசும் மாதங்களில்தான் இந்தக் கவனம் மிக வேண்டும். வெயிலை விட அந்தக் காற்றுத்தான் இலையிலிருந்து நீரைப் பறிக்கிறது. மாரி தொடங்கியதும் தண்ணீர் விடுவதை முற்றாக நிறுத்திவிட வேண்டும்.

கிளை வெட்டுவதில் ஒரு விதி மட்டும்: செத்ததை எடுக்கலாம், உயிருள்ளதைத் தொடக் கூடாது. இலை உள்ள ஒவ்வொரு கொம்பும் வேரைத் திரும்ப வளர்க்க உணவு தயாரிக்கிறது. ஒப்புரவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக நல்ல கிளைகளையும் குறைப்பது அந்த உணவைப் பறிப்பதாகும். செத்த கிளையைக் கத்தியால் கொத்தாமல் கைவாளால், முதலில் கீழிருந்து சிறிது அறுத்துவிட்டுப் பின் மேலிருந்து அறுத்தால், பாரம் தாங்காமல் பட்டை உரிந்து வராது. கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் ஒரு சிறு புடைப்பு இருக்கும். அந்தப் புடைப்பை விட்டுவிட்டு அதற்கு வெளியே அறுக்க வேண்டும், ஏனெனில் காயத்தை மூடும் திசு அங்கிருந்தே வளர்கிறது. வெட்டுவாயில் தார் பூசுவதும் சாணம் அப்புவதும் வேண்டியதில்லை. அமெரிக்க வனச் சேவையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ, ஏராளமான மரங்களை நெடுக்காகப் பிளந்து ஆராய்ந்து, மரம் தன் காயத்தைக் குணப்படுத்துவதில்லை, உள்ளே தடுப்புச் சுவர்களை எழுப்பி அழுகலை அடைத்துவைக்கிறது என்று 1977இல் விளக்கினார். பூச்சு அந்தச் சுவர்களுக்கு உதவுவதில்லை. எங்கள் கொன்றை சன்னம் பாய்ந்த காயங்களை எவருடைய பூச்சும் இல்லாமல்தான் அடைத்துக்கொண்டது.

பூச்சிகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல வேண்டும். அடிமரத்தில் கறையான் மண் ஏற்றினால் கையால் தட்டிவிட்டால் போதும். அது பெரும்பாலும் செத்த மேற்பட்டையைத்தான் தின்கிறது. புதுத் தளிர் வந்ததும் வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் வந்து முட்டையிடும். பச்சைப் புழுக்கள் சில கொம்புகளை மொட்டையாக்கும். கொன்றையினம் அந்த வண்ணத்துப்பூச்சிகளின் இயற்கையான உணவு. மருந்து அடிக்கவில்லை, இலை திரும்ப வந்தது.

முதல் மாரியில் கண்ணுக்குத் தெரிந்த மாற்றம் எதுவும் இல்லை. இரண்டாம் மாரியில் கீழ்க்கிளைகளின் இலை பழைய அளவுக்கு விரிந்து, மார்கழியில் கரும்பச்சையாகவே நின்றது. அதை அடுத்த சித்திரையில் கிழக்குப் பக்கக் கிளைகளில் சரங்கள் இறங்கின. கறுத்த பெருந்தேனீக்கள் காலை முழுவதும் அங்கேயே நின்றன. பெரியவர் வேலியோரம் வந்து, தன் முற்றத்து வேம்பின் அடியிலும் கிரவல் ஏறியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும்படி கேட்டார். ஏறியிருந்தது, இருவருமாகக் களைந்தோம். எங்கள் கொன்றையின் இழந்த உச்சி திரும்ப வராது. மரம் இனிமேல் முன்னைவிடத் தாழ்ந்து, அகன்று நிற்கும்.

மேற்குப் பக்கம் இன்னும் முழுமையாகத் தேறவில்லை. படலையிலிருந்து விறாந்தை வரை போடப்பட்ட சீமெந்துப் பாதை அந்தப் பக்கத்து வேர்களின் மேலாகவே போகிறது. தளிர்களில் மஞ்சளும் அங்கே சிறிது எஞ்சியிருக்கிறது. வருகிற ஐப்பசியில் மண் இளகியதும் அந்தப் பாதையை உடைத்து, வேலியோரமாக மாற்றி, அடியிலுள்ள மண்ணை இதே முறையில் திறக்கவிருக்கிறோம். பாதைக்கு இம்முறை சீமெந்து ஊற்றாமல், இடைவெளி விட்டுக் கற்களை மட்டும் பதிப்பதற்கு அம்மாவும் சம்மதித்திருக்கிறார்.